சக்கரம் சுற்றிய சென்னை – 14: இல்லாத மியூசியத்தில் ஒரு சுற்று

போன வாரம் வடபழனி ஏவி.எம். ஸ்டுடியோவுக்குள் இருக்கும் ஹெரிடேஜ் மியூசியத்தைச் சுற்றிப் பார்த்த கதையை எழுதியிருந்தேன். 2023 மே மாதம் திறந்த இடம். எம்.எஸ். குகன் தேடிப் பிடித்துச் சேர்த்த கார்கள் நாற்பதுக்கு மேல் அங்கே பளபளவென்று நிற்கின்றன. இதழ் வெளியான மறுநாளே மாடவீதிக் காபிக் கடையில் ஒரு பெரியவர் என்னை மடக்கினார். "ஏன் சார், இங்கிலீஷ்காரன் காரு, அமெரிக்காக்காரன் காருன்னு நாலு பக்கம் எழுதினீங்களே, நம்ம வண்டலூர்ல செஞ்ச காரைப் பத்தி ஒரு வரி உண்டா?"

இல்லைதான். டபராவைக் கீழே வைத்துவிட்டு ஒப்புக்கொண்டேன்.

ஒருவர் ஆசையாகச் சேர்த்த கார்களைப் பார்ப்பது ஒரு வகை. கார் செய்த கம்பெனியே தன் பழைய வண்டிகளைத் துடைத்து வரிசையாக நிறுத்திக் கதை சொல்வது வேறு வகை. ஜெர்மனியில் ஸ்டட்கார்ட் நகரத்து மெர்சிடிஸ் பென்ஸ் மியூசியத்தில் முதலில் லிஃப்டில் உச்சி மாடிக்கு ஏற்றிவிட்டுவிடுவார்கள். அங்கே வரவேற்பது ஒரு குதிரை பொம்மை. அதற்கு அடுத்து 1886ஆம் வருஷத்து மூன்று சக்கர வண்டி. அப்படியே சுற்றிச் சுற்றி இறங்கி வந்தால் நூற்று முப்பது வருஷத்தைக் கடந்து தரைக்கு வந்திருப்போம். 'இந்தியாவின் டெட்ராய்ட்' என்று மேடைக்கு மேடை சொல்லிக்கொள்கிற நம் ஊரில், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த காருக்கு அப்படி ஒரு கூடம் கிடையாது. அதனால் இந்த வாரம் இல்லாத மியூசியத்துக்கு உங்களைக் கூட்டிப்போகிறேன். டிக்கெட் வேண்டாம்.

வாசலில் குதிரை பொம்மைக்குப் பதில் என்ன வைக்கலாம்? அடையாறு பென்ஸ் கார்டன்ஸிலிருந்து பாரீஸ் கார்னர் வரை தினம் காரில் ஆபீஸ் போன பாரி கம்பெனி இயக்குநர் யார்க் துரையின் படத்தை வைக்கலாம். மதராஸ் தெருவில் ஓடிய முதல் கார் அவருடையதுதான் என்று ஊர் வரலாறு எழுதியவர்கள் சொல்வார்கள். பக்கத்திலேயே மவுண்ட் ரோடு சிம்ப்ஸன் கம்பெனி 1903ல் செய்த நீராவிக் காரின் படம். சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் அதை இங்கேயே செய்தார். அதே 1903ல்தான் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி ஆரம்பமானது. வண்டலூர்க் காரான நம் கதாநாயகனின் தகப்பன் வீடு அது.

சுதந்திரம் வந்த கையோடு மதராஸுக்குக் கார் ஆசை பிடித்துக்கொண்டது. எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. பின்னாளில் லாரி, பஸ் என்று திரும்பி அசோக் லேலண்டாக நிமிர்ந்தது அதுதான். அடிசன் கம்பெனி மோரிஸ் மைனர் பூட்டியது. ஜி.எஸ்.டி. ரோட்டில் பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் நடுவில் ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா எழும்பியது. பெட்டியில் வந்த பாகங்களை இங்கே பூட்டிக் கொடுத்தால் போதாது, இங்கேயே செய்தாக வேண்டும் என்று 1953ல் மத்திய அரசு கறாராகச் சொன்னபோது ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டிவிட்டன. கல்கத்தா பக்கம் ஹிந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர், மதராஸில் ஸ்டாண்டர்டு. ரொம்ப காலத்துக்கு நம் தேசத்தின் கார் கடை அவ்வளவுதான்.

முதல் அறையில் வேன்கார்டு. முதுகு வளைந்து, வயிறு பருத்து, சாப்பிட்டுவிட்டு ஊஞ்சலில் உட்கார்ந்த மிராசுதார் மாதிரி இருக்கும். இரண்டாவது அறையில் ஸ்டாண்டர்டு டென், பென்னன்ட் என்ற சின்ன வண்டிகள். வேகமாகக் கடந்துவிடுவோம். மூன்றாவது அறைக்கு வந்ததும் நான் நகரமாட்டேன். அங்கேதான் ஹெரால்டு நிற்கிறது.

ஹெரால்டின் உருவம் ஜியோவானி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர் வரைந்தது. இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் 1959ல் வந்தது, 1961ல் இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆயிற்று. அதன் உடம்பு ஒரே வார்ப்பாக இருக்காது. தனி சேஸிஸ் மேல் முன்பக்கம், நடு, பின்பக்கம் என்று துண்டு துண்டாக போல்ட் போட்டு முடுக்கியது. காரணம் கொஞ்சம் வேடிக்கையானது. ஸ்டாண்டர்டுக்கு பாடி அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனியைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. முழு பாடியாக வாங்க வழியில்லாமல், துண்டுகளை அங்கங்கே அடித்து வாங்கிச் சேர்க்கிற மாதிரி காரையே வடிவமைத்தார்கள். அங்கே ஆபத்துக்குச் செய்த அந்த யோசனை இங்கே பட்டறைக்காரர்களுக்கு வரமாகிவிட்டது. இடிபட்ட துண்டை மட்டும் கழற்றி வேறு துண்டைப் பூட்டினால் வண்டி ரெடி.

மந்தைவெளியில் ஒரு சந்துக்குள் இருக்கும் ஷெட்டுக்குப் போன வாரம் போயிருந்தேன். மூலையில் கிளிப்பச்சை நிறத்தில் ஒரு ஹெரால்டு. மெக்கானிக்குக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். முன் சக்கரத்துக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ள கொக்கிகளை விடுவித்து, கண்ணாடிப் பக்கத்து ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார். பானெட் மட்டும் திறக்கும் என்று நினைத்திருந்தவர்கள் அரண்டுபோவார்கள். மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து காரின் முன்முகம் முழுசாக முன்னால் கவிழ்ந்தது. உள்ளே 948 சி.சி. இன்ஜின் வெட்டவெளியில் நிற்கிறது. எந்தப் பக்கத்திலிருந்தும் கை நுழையும். மனிதர் சாவகாசமாக முன் டயர் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு கார்புரேட்டரைக் கழற்ற ஆரம்பித்தார்.

"ஸ்டூல் வேணாமாண்ணே?"

"இதுதான் சார் ஸ்டூலு. முப்பத்தஞ்சு வருஷமா இந்த டயர்லதான் உக்காந்து வேலை பாக்குறேன். இப்ப வர்ற காருங்கள்ல பானெட்டைத் தொறந்தா ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதுக்கு மேல என்னத்தப் பாக்குறது?"

திரும்பிப் பார்த்தால் பின் சக்கரங்கள் லேசாகச் சாய்ந்திருந்தன. பின்னால் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் ஸ்விங் ஆக்ஸில், குறுக்கே ஒரு பட்டை ஸ்பிரிங். சொகுசான சவாரிதான். ஆனால் கனமாக நாலு பேர் ஏறிவிட்டால் சக்கரங்கள் இரண்டும் காலை அகட்டிக்கொள்ளும். நம் ஊர்ப் பள்ளங்களுக்கும், ஒரு காரில் ஏழு பேர் திருப்பதி போகிற நம் வழக்கத்துக்கும் அது ஒத்துவரவில்லை. அதைத்தான் பிற்பாடு கஸெல் என்ற அடுத்த வண்டியில் மாற்றினார்கள். ஆனால் திருப்பத்தில் ஹெரால்டை அடிக்க ஆளில்லை. முன் சக்கரம் ஏறக்குறைய குறுக்கே திரும்பிவிடும். 25 அடி விட்டத்தில் முழு வட்டம் அடிக்கும். மயிலாப்பூர் சந்துகளில் ஒரே மூச்சில் காரைத் திருப்பிக்கொண்டு போன டாக்டர்களை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தெரு டாக்டரின் ஹெரால்டு சத்தம் கேட்டால் யார் வீட்டில் ஜுரம் என்று திண்ணைகள் விசாரிக்கும்.

இந்த அறையின் பெருமை இன்னொன்று. இங்கிலாந்தில் ஹெரால்டு இரண்டு கதவு வண்டி. முன் சீட்டை மடக்கித்தான் பின்னால் நுழைய வேண்டும். புடவை கட்டிய அம்மாவும் மூட்டு வலிக்கிற பாட்டியும் அப்படி நுழைவதை நினைத்துப் பாருங்கள். 1960களின் கடைசியில் வண்டலூர்க்காரர்கள் அதற்கு நான்கு கதவு வைத்தார்கள். நான்கு கதவு ஹெரால்டு உலகத்தில் வேறெங்கும் செய்யப்படவில்லை. இன்னும் ஒரு சங்கதி. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு என்ற பெயரே 1963ல் கார்களிலிருந்து மறைந்துவிட்டது. தாய்வீட்டில் விளக்கணைந்த பிறகு கால் நூற்றாண்டு அந்தப் பெயரைக் காருக்கு வைத்துக்கொண்டிருந்தது மதராஸ்தான்.

அடுத்த அறையில் கஸெல். ஹெரால்டையே கொஞ்சம் முகம் மாற்றி 1970களின் தொடக்கத்தில் கொண்டுவந்தது. 1977 வாக்கில் அதுவும் நின்று, ஃபாக்டரியில் வேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

கடைசி அறையைப் பூட்டி வைத்துவிடலாமா என்று எனக்கு ஒரு யோசனை உண்டு. அங்கே நிற்பது ஸ்டாண்டர்டு 2000. 1985ல் வந்தது. பார்க்க அள்ளிக்கொண்டு போகும், ஏனென்றால் உடம்பு பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1. ஐரோப்பாவின் 1977ஆம் ஆண்டுக் கார் விருது வாங்கிய வடிவம் அது. இன்ஜின்? பழைய வேன்கார்டு வழியில் வந்த 1991 சி.சி. இன்ஜின். வயலில் உழுத ஃபெர்குசன் டிராக்டரிலும் இதே குடும்பத்து இன்ஜின்தான் இருந்தது. பட்டு அங்கவஸ்திரம் போட்டு, உள்ளே கோவணம் கட்டின கதை. விலையோ அதிகம், பெட்ரோலோ தண்ணீராய்க் குடித்தது. எதிரே குர்காவ்ன் மாருதி சின்னதாய், சிக்கனமாய் வந்து நின்றுவிட்டது. 1988ல் வண்டலூர் கேட் சாத்தப்பட்டது. மாருதிதான் கொன்றது என்று பலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹெரால்டு மாதிரி ஒரு சின்னக் காரை வைத்திருந்தவர்கள் அதை நறுக்கென்று புதுப்பிக்காமல் பெரிய மனுஷன் காருக்குப் போனார்களே, அங்கே விழுந்தது முதல் அடி. ஃபாக்டரி நின்ற இடத்தில் இப்போது ஐ.டி. வளாகமும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன.

ஸ்டாண்டர்டு வம்சத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் இன்றைக்கு கவென்ட்ரி டிரான்ஸ்போர்ட் மியூசியத்துக்கு விமானம் ஏற வேண்டும். நான்கு கதவு ஹெரால்டின் கதையைச் சொல்ல வேண்டியது நம் ஊர். அதற்குப் பெரிய கட்டடம் எதுவும் வேண்டாம். ஐந்து கார், ஒரு இன்ஜினைப் பிளந்து வைத்த மேஜை, பெருங்களத்தூர் பக்கம் இன்னும் இருக்கிற பழைய தொழிலாளிகள் நாலு பேரின் குரல் பதிவு. மூன்று கிரவுண்டு போதும்.

ஷெட்டை விட்டுக் கிளம்பும்போது, உதிரி பாகத்துக்கு என்ன செய்கிறீர்கள் என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். கார்புரேட்டரை டீசலில் அலசிக்கொண்டே சொன்னார். "முன்னெல்லாம் புதுப்பேட்டை காயலான் கடைல கெடைக்கும். இப்ப அங்கயும் இல்ல சார். எவனாவது அப்பா காரை எடைக்குப் போட்டா உண்டு."

உங்கள் வீட்டுப் பரணில் ஹெரால்டின் சாவியோ, கம்பெனி கொடுத்த கையேடோ, வண்டலூர் கேட்டருகே எடுத்த ஒரு போட்டோவோ இருக்கலாம். தயவுசெய்து இந்தப் பொங்கலுக்கு அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.