பத்தனைப் புல்வெளியின் பொன்மலர்

பண்டைத் தமிழர் நிலத்தை மலரின் பெயரால் அழைத்தனர். குறிஞ்சி என்பது மலரையும் குறிக்கும். அம்மலர் பூக்கும் மலைநிலத்தையும் குறிக்கும். முல்லை, மருதம், நெய்தல் என்பனவும் அத்தகையனவே. ஒரு மலரை அதன் நிலத்தினின்றும் பிரித்து அறிதல் இயலாது என்னும் உண்மை இப்பெயர்களுள் அடங்கிக் கிடக்கின்றது. இவ்வுண்மைக்கு இலங்கையின் மலைநாட்டிலே வளரும் ஓர் ஓர்க்கிட் செடி தக்க சான்றாகும்.

ஓர்க்கிட் என்றதும் மரக்கிளைகளைப் பற்றி வளரும் செடிகளே பலர் நினைவுக்கு வரும். இலங்கையிற் காணப்படும் 180க்கு மேற்பட்ட ஓர்க்கிட் இனங்களுட் பல அவ்வாறு வளர்வனவே. ஆயினும், மண்ணில் வேரூன்றி வாழும் நிலவாழ் ஓர்க்கிட்டுகளும் உள. அவற்றுள் ஒன்றே இப்சியா ஸ்பெசியோசா என்பது. 1831ஆம் ஆண்டில் ஆங்கிலத் தாவரவியலறிஞர் ஜோன் லின்ட்லி இதற்கு இப்பெயரை இட்டார். ஸ்பெசியோசா என்னும் இலத்தீன் மொழிச் சொல் அழகு வாய்ந்தது எனப் பொருள்படும். சிங்கள மக்கள் இதனை 'நாகமரு அல' என்பர். 'அல' என்றாற் கிழங்கு.

பூவாத காலத்தில் இச்செடியைக் கண்டறிதல் எளிதன்று. இதன் இலை ஒடுங்கி நீண்டு, சூழவுள்ள புல்லோடு புல்லாய் மறைந்து நிற்கும். பூக்குங் காலத்திலோ மெல்லிய தண்டொன்று புல்லிடையே நிமிர்ந்தெழுந்து, பொன்னிறமான பெரிய மலர்களைத் தாங்கும். ஒரு தண்டில் ஒன்று முதல் மூன்று மலர்களே பெரும்பாலும் காணப்படும். தம் நாட்டு டபோடில் மலரை நினைந்த ஆங்கிலேயர் இதனை டபோடில் ஓர்க்கிட் என்றனர்.

இப்சியா என்னும் சாதியில் மூன்று இனங்களே அறியப்பட்டுள்ளன. ஒன்று தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையிலும், மற்றொன்று தாய்லாந்திலும் வாழ்கின்றன. இங்குக் கூறப்படும் இனம் இலங்கைக்கே உரியது. ஆகவே, இது இத்தீவில் அழியுமாயின் உலகிலேயே அழிந்ததாகும்.

இதன் உறைவிடம் பத்தனை எனப்படும் மலைப்புல்வெளியாகும். ஊவாவிலும் நுவரெலியாவைச் சூழ்ந்த மலைகளிலும் இத்தகைய புல்வெளிகள் உள. உயர்ந்த, குளிர்ந்த பகுதிகளில் உள்ளவை ஈரப் பத்தனைகள். ஊவாவின் தாழ்ந்த சரிவுகளில் உள்ளவை வரண்ட பத்தனைகள். வடகீழ்ப் பருவக்காற்று ஊவாவுக்கு மழை தருகின்றது. தென்மேற்குப் பருவக்காற்றோ தன் ஈரத்தை மலைகளின் மேற்குச் சாரலிற் சொரிந்துவிட்டு, யூன் முதல் செத்தெம்பர் வரை வரண்ட காற்றாய் ஊவாச் சரிவுகளில் இறங்குகின்றது. அக்காலத்தில் மானாப்புல் காய்ந்து நிற்க, ஒரு சிறு பொறியும் மலை முழுவதையும் எரித்துவிடும்.

இத்தகைய நிலத்தில் மென்மையான ஓர்க்கிட் எங்ஙனம் வாழ்கின்றது? விடை அதன் கிழங்கிலே உள்ளது. புல்வெளித் தீ விரைந்து பரவி விரைந்து தணிவது. மண்ணின் மேற்பரப்பைச் சுடுமேயன்றிச் சில அங்குல ஆழத்தை அவ்வளவாகத் தாக்காது. ஆதலின் இலை கருகினும், உணவைச் சேமித்து வைத்துள்ள கிழங்கு மண்ணுள்ளே உயிரோடிருந்து மழை வந்ததும் துளிர்க்கும். அன்றியும், ஒளி நிறைந்த திறந்தவெளியே இச்செடிக்கு ஏற்றது. மரநிழல் அடர்ந்த இடத்தில் இது செழிப்பதில்லை.

இச்செடிக்கும் மண்ணுக்கும் உள்ள தொடர்பு இதனினும் நுட்பமானது. ஓர்க்கிட்டுகளின் வித்துகள் தூசியை ஒத்தவை. நெல்மணியைப் போன்று முளைக்குரிய உணவைத் தம்முட் கொண்டவையல்ல. மண்ணில் வாழும் நுண்ணிய பங்கசு இழைகள் வித்தினுட் புகுந்து உணவளித்தாலன்றி, இயற்கையில் அவை வளர்தல் இயலாது. இவ்வுண்மையைப் பிரான்சு நாட்டு அறிஞர் நோயல் பெர்னார் 1899இல் வெளிப்படுத்தினார். காற்று எண்ணற்ற வித்துகளைப் பரப்பினும், பொருந்திய பங்கசு உள்ள மண்ணைச் சேர்வன மிகச் சிலவே. எனவே, வளர்ந்த செடியொன்றை அகழ்ந்தெடுப்போர் நெடுங்காலத்து நற்பேறொன்றையே அழிக்கின்றனர்.

ஆயினும் அகழ்தல் நடைபெற்றே வந்தது. இக்கிழங்கு காதலரை வசப்படுத்தும் என்பது பழைய நம்பிக்கை. வசிய மருந்துக்கெனக் கிழங்கைத் தோண்டியோர் பலர். இலையை உண்டால் மீண்டும் துளிர்க்கும். மலரைக் கொய்தால் மீண்டும் பூக்கும். கிழங்கே போயின் எஞ்சுவது யாதுமில்லை. தீயினின்று செடியைக் காத்த உறுப்பே மனிதனிடத்து அதற்குக் கேடாயிற்று.

இதனினும் பெரிய கேடு புல்வெளியைப் பற்றிய தவறான எண்ணமாகும். மரமில்லாத நிலம் பயனற்ற நிலம் என்று கருதப்பட்டது. கோப்பித் தோட்டக்காரர் காடுகளை விரும்பியழித்தனர். மண்வளம் குறைந்ததெனப் பத்தனைகளைப் பெரும்பாலும் விட்டுவைத்தனர். 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலோ மண்ணரிப்பைத் தடுக்கவும் மரந்தேடவும் பல சரிவுகளிற் பைனசு மரங்கள் நடப்பட்டன. நோக்கம் நல்லதே. எனினும், நிழல் சூழ்ந்து, ஊசியிலைகள் நிலத்தை மூடியபோது, திறந்தவெளியை நம்பிய சிறு செடிகள் இடமிழந்தன. மரம் நடுதல் எங்கும் அறமாகாது என்பதற்கு இச்சரிவுகள் சாட்சி.

பத்தனைகள் மனிதன் காட்டை எரித்ததனால் உண்டானவையோ, இயற்கையாயமைந்தவையோ என்னும் வினா நெடுங்காலமாக ஆராயப்பட்டுள்ளது. அடிக்கடி இடப்பட்ட தீ பல சரிவுகளிற் புல்வெளியைப் பரப்பியது என்பது மறுக்கப்படுவதன்று. ஆனால், ஓட்டன் சமவெளியின் சதுப்பிற் படிந்த மகரந்தமணிகளை ஆராய்ந்தோர், 20,000 ஆண்டுகளுக்கு முன்னரே அங்குப் புல் வளர்ந்திருந்தமையைக் கண்டனர். ஆகவே, எல்லாப் புல்வெளியும் அழிந்த காட்டின் எச்சம் எனல் பொருந்தாது. ஈங்கன்றி வேறெங்கும் வாழாத இப்பொன்மலரும் அதன் பழைமைக்கு ஒத்தே நிற்கின்றது.

இன்று இவ்வினம் அழியும் ஆபத்துக்குள்ளானவற்றுள் ஒன்றாகக் கணிக்கப்படுகின்றது. இதனைச் சாடியில் வளர்த்துக் காக்கலாம் எனச் சிலர் எண்ணலாம். சாடியிற் கிழங்கை வைத்தல் கூடும். பங்கசு வாழும் மண்ணையும், மலைக்காற்றையும், பருவந்தோறும் மாறும் வெயிலையும் மழையையும் வைத்தல் கூடாது. நிலத்தைக் காத்தால் மலர் தானே நிலைக்கும். மலரின் பெயரை நிலத்துக்கு இட்ட முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர் போலும்.