ஆட்புளூ நீலமாக இருக்கக் கூடாது

ஆலங்காயத்தில் இருந்து காவலூருக்கு ஏறும் மலைப்பாதையில் எந்த டீசல் வண்டிக்கும் மூச்சு வாங்கும். பாரம் ஏற்றிய லாரி என்றால் கேட்கவே வேண்டாம். கியரைக் குறைத்து மிதிக்க மிதிக்க எஞ்சினுக்குள் சூடு கூடும். அந்தச் சூட்டில் காற்றில் உள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடாக மாறிப் புகைக்குழாய் வழியே வெளியேறும். தெளிந்த வானத்துக்காக வைணு பாப்பு வானாய்வகத்தை அமைத்த மலை இது. இங்கே புகை குறைவது எல்லோருக்கும் நல்லது.

வண்டிப் புகையைக் குறைக்கத்தான் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 என்ற மாசு வரம்பு விதி வந்தது. அதற்கு முந்தைய பி.எஸ்.4 கனரக வண்டி ஒரு கிலோவாட் மணிக்கு 3.5 கிராம் நைட்ரஜன் ஆக்சைடு விடலாம், பி.எஸ்.6 வண்டிக்கு 0.4 கிராம்தான். இந்தக் குறைப்பைச் சாதிப்பதில் பெரும்பங்கு ஆட்புளூ என்று ஓட்டுநர்கள் சொல்லும் திரவத்துக்கு உண்டு. நூற்றுக்கு 32.5 பங்கு சுத்த யூரியா, மீதி உப்பு நீக்கிய தண்ணீர், அவ்வளவுதான். சூடான புகையில் பீய்ச்சியதும் யூரியா அம்மோனியாவாகப் பிரியும். வினையூக்கியின் மேல் அந்த அம்மோனியா நைட்ரஜன் ஆக்சைடோடு சேர்ந்து வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாறிவிடும்.

பெயரில் நீலம் இருக்கிறது, டேங்க் மூடியும் நீலம். ஆனால் திரவத்துக்கு நிறமே கிடையாது. நம் ஊரில் நிறம் என்றால் அடையாளம். ரேஷன் மண்ணெண்ணெயை நீலமாக்கியதே கலப்படத்தைக் காட்டிக்கொடுக்கத்தான். அந்தப் பழக்கத்தில், நீலமாக இருந்தால்தான் அசல் ஆட்புளூ என்று நினைத்துவிடுகிறோம். டீசலும் ஆட்புளூவும் டேங்க் மாறிவிடாமலிருக்கச் சாயம் உதவுமே என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குத்தான் நீல மூடியும், டீசல் குழாயைவிட ஒல்லியான 19 மில்லிமீட்டர் குழாய்முனையும் இருக்கின்றன.

சாயம் ஏன் ஆகாது? யூரியா சரியான சூட்டில் மிச்சமில்லாமல் வாயுவாகிவிடும். சாயத்தில் உள்ள உலோக உப்பு அப்படிப் போகாது. வினையூக்கியிலேயே படிந்து அதன் வேலையைக் கெடுக்கும். ஐ.எஸ்.ஓ. 22241 தரத்தின்படி ஒரு கிலோ திரவத்தில் சோடியம் 0.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மிட்டாய்க்கும் ஐஸ்கிரீமுக்கும் போடும் ‘பிரில்லியன்ட் புளூ’ சாயமே ஒரு சோடியம் உப்புதான். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 20 லிட்டர் வாளியில் 0.2 கிராம் விழுந்தாலே அந்த வரம்பு தாண்டிவிடுகிறது. கிள்ளி எடுத்தால் விரல் நுனியில் ஒட்டும் தூள், அவ்வளவுதான்.

இதைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. சாயம் கண்ணை மறைக்கிறது. வயலுக்கு மானிய விலையில் வரும் வேப்பெண்ணெய் பூசிய யூரியாவைத் தண்ணீரில் கரைத்துப் போலி ஆட்புளூ செய்தால் கலங்கலாகத் தெரியும். நீலம் சேர்த்துவிட்டால் அந்தக் கலங்கல் தெரியாது. விவசாயிக்குப் போக வேண்டிய மூட்டையும் போய், லாரிக்காரரின் வண்டியும் கெடுகிறது. வண்டியில் உள்ள சென்சார் யூரியாவின் அளவைத்தான் பெரும்பாலும் பார்க்கும். இம்மியளவு உப்பைக் கண்டுபிடிக்காது. வினையூக்கி கெட்டுப் புகையின் அளவு எகிறிய பிறகே எச்சரிக்கை விளக்கு எரியும். அப்புறம் எஞ்சின் தானாகவே இழுவையைக் குறைத்துக்கொள்ளும். சமவெளியில் ஓரம் கட்டிவிடலாம். பாரத்தோடு மலை வளைவில் நிற்பவரின் பாடு வேறு.

தெளிவாக இருப்பதால் மட்டும் சுத்தம் என்று ஆகிவிடாது. போர்வெல் தண்ணீரில் கலக்கியிருந்தால் அதன் சுண்ணாம்பு கண்ணுக்குத் தெரியாது. ஆகவே சீல் உடையாத வாளியாக, ஐ.எஸ்.ஓ. 22241 என்ற தர எண்ணும் தயாரிப்புத் தேதியும் பார்த்து வாங்குங்கள். திறந்ததும் சுத்தமான கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் ஊற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். நீலமோ பழுப்போ தெரிந்தால் டேங்கில் ஊற்றாதீர்கள். ஏற்கெனவே ஊற்றிவிட்டீர்கள் என்றால் சாவியைத் திருப்பாமல் மெக்கானிக்கை அழைத்து, டேங்கை முழுதாக வடிக்கச் சொல்லுங்கள்.