1942: இழந்ததை ஈடுகட்ட முடியாமற்போன ஆண்டு

இரண்டாம் உலகப்போரின் திருப்புமுனைகளைக் கூறும் நூல்களில் மிட்வே, எல் அலமெய்ன், ஸ்டாலின்கிராட் ஆகிய மூன்று பெயர்கள் அடுத்தடுத்து வருவது வழக்கம். ஆனால் ஒரு வெற்றி எப்போது திருப்புமுனையாகிறது என்ற கேள்விக்கு அந்த வரிசை விடை தருவதில்லை. தான் இழந்த கப்பல்களையும் படைகளையும் தேர்ச்சி பெற்ற ஆட்களையும் உரிய காலத்தில் மீண்டும் திரட்ட இயலாத நிலையைத் தோற்ற தரப்பு எட்டும்போதே போரின் போக்கு மாறுகிறது என்று கொண்டால், 1942 ஜூன் முதல் 1943 பிப்ரவரி வரையிலான மாதங்கள் ஏன் அத்தனை முக்கியமானவை என்பது விளங்கும்.

நீண்ட போரைத் தாங்கும் வளம் ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் இல்லை; விரைவில் வென்றுவிடலாம் என்ற நம்பிக்கையிலேயே இரண்டும் களமிறங்கின. இரண்டுக்கும் பெருங்குறை எண்ணெய். தனக்குத் தேவையான எண்ணெயில் பெரும்பகுதியை ஜப்பான் அமெரிக்காவிலிருந்தே வாங்கி வந்தது. 1941 கோடையில் அந்த விற்பனையை அமெரிக்கா நிறுத்தியதும், இன்றைய இந்தோனேசியாவான டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளின் எண்ணெய் வயல்களைக் கைப்பற்றவும், குறுக்கே நிற்கக்கூடிய அமெரிக்கக் கடற்படையைப் பேர்ல் துறைமுகத்திலேயே முடக்கவும் அது முடிவெடுத்தது. டிசம்பர் 7 அன்று நடந்த அத்தாக்குதலுக்கு இரண்டு நாள் முன்புதான், மாஸ்கோவை நெருங்கிவிட்ட ஜெர்மன் படைகளைப் பின்னுக்குத் தள்ளும் எதிர்த்தாக்குதலைச் சோவியத் ஒன்றியம் தொடங்கியிருந்தது; அப்படியிருந்தும் டிசம்பர் 11 அன்று ஹிட்லர் அமெரிக்கா மீதும் போர் அறிவித்தார்.

விமானங்கள் எழும்பி இறங்கும் ஓடுதளத்தையே மேல்தளமாகக் கொண்ட பெருங்கப்பல்கள் விமானந்தாங்கிகள் எனப்படும். ஜப்பானின் விமானந்தாங்கிகள் ஐந்து, 1942 ஏப்ரலில் இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைந்து, உயிர்த்த ஞாயிறான 5ஆம் தேதி கொழும்பையும் 9ஆம் தேதி திருகோணமலையையும் தாக்கின. பிரிட்டனின் ‘ஹெர்மிஸ்’ விமானந்தாங்கி மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் மூழ்கடிக்கப்பட்டது. அந்த ஐந்தில் அக்காகி, சோர்யு, ஹிர்யு ஆகிய மூன்றும், காகா என்ற நான்காவது கப்பலுடன், இரண்டே மாதங்களில் பசிபிக்கின் நடுவே மிட்வே தீவுக்கு அருகில் அழிந்தன.

ஜப்பானியச் சங்கேதச் செய்திகளில், அதாவது பகைவர் படித்தறியாதவாறு குறியீடுகளாக மாற்றி அனுப்பப்பட்ட செய்திகளில், ‘ஏஎஃப்’ என்று குறிக்கப்பட்ட இலக்கு மிட்வேதானா என்பதை உறுதிசெய்ய அமெரிக்கக் கடற்படையின் உளவுப் பிரிவு ஓர் உத்தியைக் கையாண்டது: அத்தீவின் குடிநீர் வடிகட்டும் ஆலை பழுதாகிவிட்டதாக வெளிப்படையான வானொலிச் செய்தியை அனுப்பச் செய்தது. ‘ஏஎஃப்’-இல் தண்ணீர்த் தட்டுப்பாடு என்ற ஜப்பானியச் செய்தி விரைவில் சிக்கியது. ஆகவே, ஜூன் 4 அன்று ஜப்பானியர் வந்தபோது அமெரிக்கரின் மூன்று விமானந்தாங்கிகள் அவர்களை எதிர்நோக்கிக் காத்திருந்தன. முதலில் பாய்ந்த அமெரிக்க டார்பிடோ விமானங்கள் ஏறத்தாழ முழுவதுமாக வீழ்த்தப்பட்டன. ஆனால் காலை பத்தரை மணியை ஒட்டிய சில நிமிடங்களில், உயரத்திலிருந்து செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடும் விமானங்கள் அக்காகி, காகா, சோர்யு மூன்றையும் தீக்கிரையாக்கின. ஹிர்யுவுக்கு அன்று மாலையே அந்தக் கதி நேர்ந்தது.

மிட்வேயில் ஜப்பானிய விமானிகள் கூட்டமாக மடிந்ததாகப் பரவலாகக் கருதப்படுவது சரியன்று. கப்பல்களுக்குள் எரிந்துபோன அனுபவமிக்க விமானப் பராமரிப்பாளர்களும், நான்கு பெருங்கப்பல்களுமே ஈடுகட்ட முடியாத இழப்புகள். போர் முடிவதற்குள் அமெரிக்கா ‘எசெக்ஸ்’ வகையில் மட்டும் 17 விமானந்தாங்கிகளைப் பணியில் சேர்த்தது. அந்த வேகம் ஜப்பானியக் கப்பல் கட்டும் தளங்களுக்கு எட்டாதது.

எகிப்தின் எல் அலமெய்னில் அக்டோபர் 23 தொடங்கி நவம்பர் 4 வரை நடந்த சமரில் பிரிட்டிஷ் தளபதி மாண்ட்கோமரி ஜெர்மன் தளபதி ரோமலை வென்றதற்கு, ஆட்பலமும் டாங்கிகளும் மிகுந்திருந்ததுடன், ஜெர்மன், இத்தாலியப் படைகளுக்கு எரிபொருள் கொண்டுவந்த கப்பல்கள் மத்தியதரைக் கடலிலேயே மூழ்கடிக்கப்பட்டதும் காரணம். இந்தியாவின் 4ஆவது டிவிஷன் அங்கே போரிட்டதை இந்திய வாசகர் மறத்தலாகாது.

இம்மூன்றிலும் எடை மிகுந்தது ஸ்டாலின்கிராட் என்பதில் ஐயமில்லை. 1942 ஜூன் 28 அன்று தொடங்கிய ஜெர்மன் படையெடுப்பின் நோக்கம் காக்கசஸ் மலைப்பகுதியின் எண்ணெய். ஆனால் ஜூலையில் ஹிட்லர் படையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை எண்ணெய் வயல்களை நோக்கியும் மறு பாதியை வோல்கா நதிக்கரையிலுள்ள ஸ்டாலின்கிராடை நோக்கியும் அனுப்பினார். ஆகஸ்டில் மைகோப் எண்ணெய் வயல் கைக்கு வந்தபோது சோவியத் படைகள் அங்கிருந்த கிணறுகளைப் பாழாக்கிவிட்டே பின்வாங்கியிருந்தன, அப்பகுதியின் மற்றோர் எண்ணெய் நகரமான பாக்குவை ஜெர்மானியர் எட்டவேயில்லை. ஸ்டாலின்கிராட் நகரத்துக்குள்ளோ சோவியத் தளபதி சுய்கோவின் 62ஆவது படை ஆற்றங்கரையின் குறுகிய துண்டுகளைப் பிடித்துக்கொண்டு, வீடு வீடாக, மாடி மாடியாகப் போரிட்டது. ஜெர்மன் தளபதி பவுலஸின் ஆறாவது படை அங்கேயே கட்டுண்டு கிடக்க, அதன் இரு பக்கங்களையும் காக்கும் பொறுப்பு போதிய ஆயுதமில்லாத ருமேனியப் படைகளிடம் இருந்தது. நவம்பர் 19 அன்று தொடங்கிய தாக்குதலில் சோவியத் படைகள் குறிவைத்தது அந்தப் பலவீனமான பக்கங்களைத்தான். நான்கே நாட்களில் இரு முனைகளும் கலாச் அருகே சந்தித்து, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சுற்றிவளைத்தன.

சிக்கியவர்களுக்கு விமானத்திலேயே உணவும் எரிபொருளும் கொண்டுசெல்வதாக ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங் உறுதி கூறினார். நாளொன்றுக்குக் குறைந்தது 300 டன் தேவைப்பட்ட இடத்தில் சராசரியாக 100 டன் அளவே போய்ச் சேர்ந்தது. குண்டுக்கு இரையானவர்களோடு பசியாலும் குளிராலும் மாண்டவர்களும் பெருகினர். ஜனவரி 31 அன்று பவுலஸ் சரணடைந்தார். பிப்ரவரி 2 அன்று எஞ்சியிருந்த வடபகுதியும் பணிந்தது. சோவியத் தரப்பு இந்த வெற்றிக்குக் கொடுத்த விலை இறந்தோரும் காணாமற்போனோருமாக ஏறத்தாழ 4,80,000 படைவீரர்கள். ஆயினும் அந்நாட்டால் மேலும் படைகளைத் திரட்ட முடிந்தது, ஜெர்மனிக்கு அது இயலவில்லை.

போர் மேலும் இரண்டரை ஆண்டு நீடித்தது. ஜெர்மன் படையினரின் உயிரிழப்பில் பெரும்பகுதி, இனி வெல்ல வழியில்லை என்றான அந்தப் பிற்காலத்திலேயே நேர்ந்தது. ஸ்டாலின்கிராடில் சிறைப்பட்ட ஏறத்தாழ 91,000 பேரில் ஊர் திரும்பியவர்கள் ஆறாயிரம் பேர் அளவே. அவர்களில் கடைசியாக விடுவிக்கப்பட்டவர்கள் வீடு வந்து சேர்ந்தபோது 1955 ஆகியிருந்தது.