கோச் பேப்பர் போட்டுட்டாரு

ஓவன் கோய்ல் என்ற ஸ்காட்லாந்துக்காரரை ஓர் ஊர் யூதாஸ் என்று ஏசியது. இன்னோர் ஊர், அவர் விட்டுப்போன மூன்றாம் வருடம் தானே திரும்பக் கூப்பிட்டு அதே நாற்காலியில் உட்கார வைத்தது. இரண்டு ஊரிலும் அவர் செய்தது ஒரே காரியம்தான். கீழே கிடந்த கால்பந்து அணியைத் தூக்கி நிறுத்தினார். ஜனங்கள் கொண்டாடி முடிப்பதற்குள் வேறு அணிக்குப் போய்விட்டார். முதல் ஊர் இங்கிலாந்தின் பர்ன்லி. இரண்டாவது சென்னை.

பர்ன்லி, லங்காஷயரின் பழைய பஞ்சாலை ஊர்களில் ஒன்று. 33 வருடமாக மேல்தட்டு லீக்கை எட்டிப் பார்க்காத அந்த அணியை 2009 மே மாதம் வெம்ப்ளியில் ஷெஃபீல்ட் யுனைடெட்டை ஜெயித்து பிரீமியர் லீக்குக்கு ஏற்றினார் கோய்ல். ஆகஸ்டில் மான்செஸ்டர் யுனைடெட் அந்தச் சின்ன மைதானத்துக்கு வந்து, ராபி பிளேக் அடித்த ஒரே கோலில் தோற்றுத் திரும்பியது. ஊர் அவரைத் தலையில் வைத்து ஆடியது. 2010 ஜனவரியில், சீசன் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போதே, போல்டனுக்குப் போய்விட்டார். போல்டனும் அதே வட்டாரத்துப் பஞ்சாலை ஊர்தான். அவர் ஒரு காலத்தில் ஆடிய அணி. பர்ன்லியைப் போலவே கீழே விழாமலிருக்கத் தவித்துக்கொண்டிருந்த அணி. உதவிப் பயிற்சியாளர்களும் கூடவே கிளம்பினார்கள். அதே மாதக் கடைசியில் இரண்டு அணியும் மோதியதில் போல்டன் ஒரு கோலில் ஜெயித்தது. சீசன் முடிவில் பர்ன்லி கீழே இறங்கியது, போல்டன் தப்பித்தது. இரண்டே வருடத்தில் போல்டனும் இறங்கியது, கோய்லின் வேலையும் போனது. பின்னால் 2016-ல் பர்ன்லியின் பரம்பரை எதிரியான பிளாக்பர்னுக்கே அவர் பயிற்சியாளராகப் போனார். யூதாஸ் என்பதற்கு மேல் கடுமையான வசவு பர்ன்லிக்காரர்களிடம் அதற்குள் தீர்ந்துபோயிருக்கும்.

சென்னையில் நடந்தது வேறு. 2019 டிசம்பரில் கோய்ல் வந்தபோது சென்னையின் எஃப்.சி. ஐ.எஸ்.எல். எனும் இந்தியன் சூப்பர் லீக் பட்டியலின் அடிப்பக்கத்தில் கிடந்தது. அங்கிருந்து இறுதிப்போட்டி வரைக்கும் கொண்டுபோனார். 2020 மார்ச் 14 அன்று கோவா ஃபடோர்டா மைதானத்தில், கொரோனா பயத்தில் ஒரு பார்வையாளர்கூட இல்லாமல் நடந்த ஆட்டத்தில் ஏ.டி.கே. அணியிடம் 3-1 என்று தோற்றார்கள். சில மாதங்களில் கோய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போனார். அந்த சீசனில் அதிக கோல் அடித்துத் தங்கக் காலணி வாங்கிய நெரியுஸ் வால்ஸ்கிஸும் பின்னாலேயே போனார். வலித்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனாலும் யாரும் யூதாஸ் என்று கத்தியதாகத் தெரியவில்லை. 2021-22-ல் ஜாம்ஷெட்பூர் லீக் ஷீல்டை வென்றபோது சென்னை ரசிகர்கள் பலர் நாக்கைக் கடித்துக்கொண்டு கைதட்டினார்கள். 2023-ல் அவர் திரும்பி வந்ததும் பழைய கணக்கை யாரும் எடுத்து நீட்டவில்லை.

ஒரே மனிதர், ஒரே காரியம், இரண்டு விதமான எதிர்வினை. இதை நான் குருபரப்பள்ளியில் உட்கார்ந்து யோசிப்பதற்குக் காரணம் உண்டு. கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி, ஓசூர் வழியாக பெங்களூரு போகும் 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் இருக்கிற ஊர் இது. பெங்களூரின் கண்டீரவா ஸ்டேடியம் இங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர். சென்னை நேரு ஸ்டேடியத்துக்கு அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் போக வேண்டும். ரேஷன் கார்டு தமிழ்நாடு, பஸ் ஏறினால் கர்நாடகா. இந்தப் பக்கத்தில் கபடி, வாலிபால், கிரிக்கெட்டுக்குப் பிறகுதான் கால்பந்து. இருக்கிற கொஞ்சம் ரசிகர்களும் இரண்டு பக்கமாகப் பிரிந்து கிடக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால் சென்னைக்கும் சட்டை நீலம், பெங்களூருக்கும் நீலம்.

அந்தக் காலத்தில் இந்தக் குழப்பமே கிடையாது. நம் பக்கத்துக்குப் பயிற்சியாளர் கட்சி மாறுவது என்பது பேப்பரில் படிக்கிற கல்கத்தா சமாச்சாரம். அதிலும் பெரிய கதை பி.கே. பானர்ஜியுடையது. 1972-லிருந்து ஈஸ்ட் பெங்கால் அணிக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் இருந்த நான்கு வருடமும் கல்கத்தா லீக் பட்டம் அவர்களுக்கே. 1975 செப்டம்பர் 30 அன்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதிப்போட்டியில் மோகன் பகானை 5-0 என்று நொறுக்கினார்கள். பகான்காரர்கள் இன்றைக்கும் அந்த எண்ணைச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அடுத்த வருடமே பி.கே. மோகன் பகானின் பயிற்சியாளர்! வந்த வருடமே லீக் பட்டத்தையும் வாங்கிக் கொடுத்தார். 1977-ல் பெலே தன் காஸ்மாஸ் அணியோடு ஈடன் கார்டனில் வந்து ஆடி 2-2 என்று சமன் செய்துவிட்டுப் போனது இந்த மோகன் பகானோடுதான்.

பி.கே. தன் ஆட்டக் காலத்தில் இந்த இரண்டு கிளப்புக்கும் ஆடியதே இல்லை. அவர் ஈஸ்டர்ன் ரயில்வே ஆள். கடைசிவரை அந்த ஆபீஸ் அணிக்குத்தான் ஆடினார். அதனாலேயே இரண்டு வீட்டுக்கும் பொதுவான வைத்தியர் மாதிரி போய்வர முடிந்ததோ என்று எனக்கு ஒரு எண்ணம். பின்னாளில் ஈஸ்ட் பெங்காலுக்கே திரும்பினார். 1997 ஜூலையில் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில், சால்ட் லேக் ஸ்டேடியத்தில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டத்துக்கு நடுவே, ஈஸ்ட் பெங்கால் பெஞ்சில் பி.கே., மோகன் பகான் பெஞ்சில் அமல் தத்தா. அமல் தத்தாவும் முன்பு ஈஸ்ட் பெங்காலில் இருந்தவர்தான். பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் அடிக்க 4-1 என்று முடிந்தது. அந்தக் கூட்டத்தில் யாருக்கு யார் துரோகி என்று கணக்குப் போட முடியாது.

தெற்கே இந்த நாடகத்துக்கு இடமே இருக்கவில்லை. பெங்களூரில் அணி என்றால் ஐ.டி.ஐ., எச்.ஏ.எல்., எல்.ஆர்.டி.இ., எம்.இ.ஜி. சென்னையில் ஐ.சி.எஃப்., இந்தியன் பேங்க். ஆட்டக்காரருக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை. கோச்சும் பெரும்பாலும் அதே நிறுவனத்தின் ஊழியர்; ஆடி ஓய்ந்த பிறகு விசிலை மாட்டிக்கொண்டவர். அவர் எதிரணிக்குப் போக வேண்டுமென்றால் பி.எஃப்., குவார்ட்டர்ஸ், பென்ஷன் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போக வேண்டும். யார் போவார்கள்? கேலரியில் உட்கார்ந்து கத்தியவரும் அதே கம்பெனியின் ஃபிட்டரோ கிளார்க்கோதான். ஊரை விட்டு யாராவது போனார்கள் என்றால் கல்கத்தாவுக்குத்தான் போனார்கள். பெங்களூரின் அகமத் கானும் தன்ராஜும் ஈஸ்ட் பெங்காலுக்குப் போய் அங்கே பஞ்ச பாண்டவர்களில் இருவர் என்று பெயர் வாங்கியபோது இங்கே யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. நம்ம பையன் பெரிய இடத்துக்குப் போயிருக்கான் என்ற பெருமைதான்.

ஓசூர் வட்டாரத்தின் வேலை வாழ்க்கையும் அப்போது அப்படித்தான் இருந்தது. 1980-ல் டி.வி.எஸ். மொபெட் ஓசூரிலிருந்து வெளியே வந்தது. லேலண்ட் வந்தது. 1987-ல் டைட்டன் கடிகாரம் வந்தது. உள்ளே பெர்மனென்ட் ஆகிவிட்டால் ரிட்டயர் ஆகிற அன்றைக்கு மாலை போட்டுக்கொண்டுதான் வெளியே வருவது. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குக் கீழே கம்பெனி பெயரைப் போடுவார்கள். அந்தக் கம்பெனியை விட்டு எதிரே இருக்கிற கம்பெனிக்குப் போனவனைப் பற்றி வீட்டிலேயே நல்லபடியாகப் பேச மாட்டார்கள்.

இன்றைக்கு இதே மாவட்டத்தைப் பாருங்கள். ஓசூரில் டி.வி.எஸ். மின்சார ஸ்கூட்டர் செய்கிறது, ஏத்தரும் செய்கிறது. போச்சம்பள்ளியில் ஓலா. சூளகிரியில் சிம்பிள் எனர்ஜி. ஒரே சரக்கை விற்க ஒன்றோடொன்று மல்லுக்கட்டும் நான்கு கம்பெனிகள், ஒரு டூவீலர் சவாரி தூரத்துக்குள். குருபரப்பள்ளி சிப்காட்டிலேயே தைவானின் டெல்டா எலெக்ட்ரானிக்ஸ் இருக்கிறது. இன்றைய பையனுக்கு ஆஃபர் லெட்டர், நோட்டீஸ் பீரியட், ரிலீவிங் லெட்டர் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. பாதிப் பேர் காண்ட்ராக்ட். போகாதே என்று சொல்லவே அவர்களுக்கு ஆள் கிடையாது. மூவாயிரம் ரூபாய் கூடக் கிடைத்தால் பேப்பர் போட்டுவிட்டு அடுத்த கேட்டில் நிற்பான். வேலையை விட்ட பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்று கம்பெனி எழுதி வாங்கினாலும் 1872-ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு முன்னால் அந்தக் காகிதம் பெரும்பாலும் நிற்காது. நூற்றைம்பது வருடப் பழைய சட்டம், சூளகிரி பையனுக்காகவே எழுதி வைத்தது போல இருக்கிறது.

ஆகவே கோச் போனதை இவன் புரிந்துகொள்கிறான். "நம்மளும் அதத்தானேண்ணா பண்றோம்" என்று ஒரு பையன் டீக்கடையில் என்னிடம் சொன்னான். சொல்லிவிட்டு அடுத்த நிமிடமே, "ஆனா வால்ஸ்கிஸ கூட்டிட்டுப் போயிருக்கக் கூடாது" என்றான். இங்கேதான் விஷயம் இருக்கிறது. போனதற்கு மன்னிப்பு உண்டு. ஆளைக் கூட்டிப் போனதற்கு அவ்வளவு லேசில் கிடையாது. ஒரு சூப்பர்வைசர் வேலையை விட்டுவிட்டு, போன இடத்திலிருந்து போன் போட்டு லைனில் இருந்த கைதேர்ந்த நான்கு பேரையும் இழுத்துக்கொண்டால் மிச்சம் இருப்பவர்கள் என்ன சொல்வார்களோ அதே கோபம்.

கோவாக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். செர்ஜியோ லொபேரா கோவாவை அழகாக ஆட வைத்த ஸ்பெயின்காரர். 2020 ஜனவரிக் கடைசியில், லீக் முடிய சில ஆட்டங்களே மீதி இருக்கையில், கிளப்பே அவரை அனுப்பியது. கிளிஃபர்ட் மிராண்டா தற்காலிகமாகப் பொறுப்பேற்று லீக் ஷீல்டை வாங்கினார். லொபேரா சில மாதத்தில் மும்பை சிட்டியில் போய் உட்கார்ந்தார். அகமத் ஜாஹு, மூர்தாதா ஃபால், ஹியூகோ பூமோஸ், மந்தார் ராவ் தேசாய் என்று கோவாவின் முதுகெலும்பே மும்பைக்கு நடந்து போனது. அடுத்த சீசன் அரையிறுதியில் அதே கோவாவை பெனால்டியில் வீழ்த்தி, ஷீல்டு, கோப்பை இரண்டையும் மும்பை எடுத்துக்கொண்டது. கோவா ரசிகர் யாரைத் திட்டுவது? அனுப்பியவர்களையா, போனவரையா, பின்னால் நடந்த நால்வரையா? பெங்களூருக்கும் இதே மாதிரி ஒருவர் உண்டு. 2018-19-ல் ஐ.எஸ்.எல். பட்டம் வாங்கிக் கொடுத்த கார்லஸ் குவாட்ராத்தை 2021 ஜனவரியில் கிளப் அனுப்பியது. அவர் 2023-ல் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்து மறு ஜனவரியில் சூப்பர் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். கிளப் ஆளை அனுப்பினால் அது நிர்வாக முடிவு, ஆள் கிளப்பை விட்டால் துரோகம் என்று பேசுவது எனக்கு எப்போதும் ஒப்பவில்லை. லே ஆஃப் லெட்டர் வாங்கியவர்கள் நிறையப் பேர் வாழும் வட்டாரத்தில் அந்தப் பேச்சு எடுபடவும் செய்யாது.

சீசன் நடுவில் போனால் யூதாஸ், முடிந்த பிறகு போனால் பெருமூச்சு என்பது ஒரு பாதி. இன்னொரு பாதி, எங்கே போனார் என்பது. ஜாம்ஷெட்பூர் சென்னைக்கு ஜென்ம விரோதி இல்லை. அது டாடா ஸ்டீலின் தூர தேசத்து அணி. (ஆனால் தூரமும் இப்போது சுருங்கிவிட்டது. ஓசூர் பக்கத்து டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலைக்கு ஜார்க்கண்டிலிருந்தே நிறையப் பெண்கள் வேலைக்கு வந்திருக்கிறார்கள். அவர்களில் ஒரு ஜாம்ஷெட்பூர் ரசிகை இருந்தால், ஷீல்டு வாங்கிக் கொடுத்த கையோடு 2022-ல் கிளம்பி, ஸ்காட்லாந்தில் ஒரு வருடம் இருந்துவிட்டு, நேராக சென்னைக்கு வந்த கோய்லைப் பற்றி அவர் வேறு மாதிரிதான் சொல்வார்.)

கோய்ல் பெங்களூருக்குப் போயிருந்தால்? இந்தக் கேள்வியை இங்கே கேட்டால் டீ ஆறிப்போகும். 2018 மார்ச் 17 அன்று கண்டீரவாவில், பெங்களூரின் சொந்த மண்ணில், ஜான் கிரகரி பயிற்சி கொடுத்த சென்னை 3-2 என்று ஜெயித்துக் கோப்பையைத் தூக்கியது. சுனில் சேத்ரி முதலில் கோல் அடித்தார். மெயில்சன் ஆல்வெஸ் இரண்டு முறை தலையால் முட்டி ஆட்டத்தைத் திருப்பினார். அன்று கூட்டத்தில் ஓசூர் பக்கத்துத் தமிழ்ப் பையன் இருந்திருந்தால் எந்தப் பக்கம் எழுந்து நின்றிருப்பான்? வாராவாரம் பார்ப்பது பெங்களூரின் ஆட்டத்தை, பேசுகிற மொழி சென்னையுடையது. அதற்கு ஒன்றரை வருடம் முன்னால் 2016 செப்டம்பரில் காவிரித் தகராறில் இந்தச் சாலையில் தமிழ்நாட்டு பஸ்கள் எல்லையைத் தாண்டாமல் ஓசூரோடு நின்றன. அந்த மாதிரி நாட்களில் எந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு அத்திப்பள்ளியைத் தாண்டுவது என்பது வெறும் விளையாட்டுக் கேள்வி இல்லை. பர்ன்லிக்கும் போல்டனுக்கும் நடுவில் எல்லைக்கோடு இல்லை, நதி வழக்கும் இல்லை. இருந்தும் அவ்வளவு கசப்பு. இங்கே சென்னை கோச் ஒருவர் நேராகப் பெங்களூரு பெஞ்சில் போய் உட்கார்ந்தால் நோட்டீஸ் பீரியட் தர்க்கமெல்லாம் ஓசூர் செக்போஸ்ட்டிலேயே இறங்கிவிடும் என்றுதான் நினைக்கிறேன். "அண்ணா, கம்பெனி மாறலாம். ஆனா பெங்களூருக்கா?" என்றான் அதே பையன். அவன் வேலை பார்ப்பது பெங்களூரு பொம்மசந்திராவில்.

கடைசியில் நிலவரம் வேறு எங்கோ போய்விட்டது. 2025 ஜூலையில், ஃபெடரேஷனுக்கும் லீக்கை நடத்தும் நிறுவனத்துக்கும் இருந்த ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் ஐ.எஸ்.எல்.லே கிடப்பில் போடப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. ஆட்டக்காரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளத்தை நிறுத்தியது. சென்னையின் எஃப்.சி. கிளப் வேலைகளையே நிறுத்திவைத்தது. அந்த வருடமே கோய்ல் இரண்டாம் முறையாக சென்னையை விட்டுப் போனார். அந்த இடத்துக்கு வந்தவர், கோவாவில் லொபேரா போன பிறகு பொறுப்பேற்ற அதே கிளிஃபர்ட் மிராண்டா. இந்த முறை கோய்ல் எந்த அணிக்குப் போகிறார் என்று டீக்கடையில் யாரும் கேட்கவில்லை. சம்பளம் செட்டில் ஆச்சா என்றுதான் கேட்டார்கள்.