விற்பனைப் பலகை நட்டு மூன்று மாதம்

கனடாவுக்கு வந்த எம்மவர் பலருக்கு முதல் வீடு ஸ்காபரோவில் அமைந்தது. பிள்ளைகள் வளர்ந்ததும் அதனை விற்று மார்க்கம், ஏஜாக்ஸ் போன்ற இடங்களில் சற்றுப் பெரிய வீட்டுக்குப் பெயர்வது வழக்கமாயிற்று. 2022 ஆம் ஆண்டின் தொடக்கம் வரை இதில் பெருஞ்சிக்கல் இருக்கவில்லை. ஒரு வாரத்துக்குள் வீடு விலைப்பட்டுவிடும். அந்தக் காலத்தைப் பார்த்துப் பழகியமையாலேயே இன்று பலகை நட்டு மூன்று மாதம் சென்றும் வீடு விலைப்படாதபோது கலங்கிப்போகின்றோம்.

2022 பெப்ரவரியில் பெருநகர ரொறன்ரோவின் சராசரி வீட்டு விலை 13 இலட்சம் டொலரைத் தாண்டியது. மறு மாதமே கனடிய மத்திய வங்கி வட்டியை உயர்த்தத் தொடங்கியது. 0.25 சதவீதமாக இருந்த அதன் வட்டி 2023 யூலையில் 5 சதவீதமாயிற்று. வாங்குவோர் ஒதுங்கினர். 2024 யூனில் வட்டி இறங்கத் தொடங்கிய பின்னரும் பழைய விலை உடனே திரும்பவில்லை. இது இந்நகருக்குப் புதிதுமன்று. 1989 இல் ஏறத்தாழ 2 இலட்சத்து 73 ஆயிரம் டொலராக இருந்த சராசரி விலை 1996 இல் 1 இலட்சத்து 98 ஆயிரமாக வீழ்ந்தது. மீண்டும் முன்னைய நிலையை எட்டியது 2002 இல். "பழைய விலை வரும்வரை பொறுப்போம்" என்போர் இந்தப் பதின்மூன்று ஆண்டுகளையும் எண்ணிப் பார்க்கட்டும்.

இதனை எழுதுபவனும் பட்டறிந்தவனே. 2023 இளவேனிலில் ஏஜாக்ஸில் ஒரு வீட்டை வாங்க ஒப்பமிட்டு முற்பணமும் கட்டிவிட்டு, அதன் பின்னரே ஸ்காபரோ வீட்டை விற்பனைக்கு விட்டோம். முந்திய ஆண்டில் பக்கத்து வீடு போன விலையையே கேட்டோம். இரண்டு வாரத்தில் பதினாறு குடும்பங்கள் பார்த்துச் சென்றன. ஒருவரும் விலை பேசவில்லை. வீட்டில் மீன் பொரிக்க வேண்டாமென்று முகவர் சொன்னார். அதற்காக அம்மா மூன்று நாள் அவருடன் பேசவில்லை. பொரியலில் பிழையில்லை, விலையில்தான் பிழை. பலர் வந்து பார்த்தும் ஒருவரும் கேட்கவில்லையாயின் விலை கூடிவிட்டது என்பதே பொருள். பார்க்கவே ஆள் வரவில்லையாயின் மிகவும் கூடிவிட்டது.

நாற்பதாம் நாள் ஒருவர் 35,000 டொலர் குறைத்துக் கேட்டார். ஊரில் காணி விற்பதாயின் பங்காளிக்கும் உரித்துடையோருக்கும் முதலில் அறிவிக்க வேண்டுமென்பது தேசவழமை. பேச்சும் தெரிந்தவர்களுக்குள்ளேயே நடக்கும். முன்பின் அறியாத ஒருவர் கடதாசியில் எழுதியனுப்பிய தொகையை நாம் அவமதிப்பாக எடுத்துக்கொண்டு மறுமொழியும் அனுப்பவில்லை. அதற்கிடையில் வட்டி இருமுறை ஏறியது. தொண்ணூற்றிரண்டாம் நாள் அவர் கேட்டதிலும் 40,000 டொலர் குறைவாக விற்றோம்.

அன்று ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். 5 இலட்சம் டொலர் கடனுக்கு 6 சதவீத வட்டியெனில் மாதம் 2,500 டொலர் வட்டிக்கே போகும். சொத்துவரி, காப்புறுதி, வெப்பமூட்டும் செலவு ஆகியன புறம்பு. ஒவ்வொரு மாதமும் வீடு மௌனமாக அவ்வளவு தொகையை விலையிலிருந்து கழித்துக்கொண்டிருக்கிறது. ஒப்பிட வேண்டியது அயலவர் கேட்கும் விலையையன்று. அண்மைய இரண்டு மாதங்களில் அதே வட்டாரத்தில் உண்மையாகவே விற்றுத் தீர்ந்த விலையையே ஒப்பிட வேண்டும். சில முகவர்கள் பட்டியலிலிருந்து வீட்டை எடுத்துவிட்டு மறுநாள் புதிதுபோலப் போடுவார்கள். வாங்குபவரின் முகவருக்குப் பழைய வரலாறு தெரியுமாதலால் இதனால் ஏமாறுபவர் குறைவு.

எம்மை உறக்கமின்றி வைத்தது வேறொன்று. இரு வீடுகளுக்கும் இடைப்பட்ட நாட்களுக்கு வங்கி தரும் இடைக்காலக் கடன், பழைய வீட்டுக்கு உறுதியான விற்பனை ஒப்பந்தம் இருந்தால் மட்டுமே கிடைக்கும். அது இல்லாதவர் தனியாரிடம் கூடிய வட்டிக்கு ஓட வேண்டும். அதுவும் கைகூடாவிடின் முற்பணம் பறிபோகும். புதிய வீட்டை அதன் உரிமையாளர் பின்னர் குறைந்த விலைக்கு விற்க நேர்ந்தால் அந்த நட்டத்தையும் வழக்கிட்டுக் கேட்கலாம். ஏஜாக்ஸ் வீட்டைப் பொறுப்பேற்பதற்கு ஒன்பது நாட்கள் முன்னரே எமது வீடு விலைப்பட்டது. சந்தை மந்தமாக உள்ளபோது முதலில் விற்று, பின்னர் வாங்குங்கள். முதலில் வாங்கியே ஆகவேண்டுமாயின், சொந்த வீடு விலைப்பட்டால் மட்டுமே வாங்குவோம் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதும்படி சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். மந்தமான சந்தையில் அதற்கு இணங்கும் விற்பனையாளரும் உளர்.

பேஸ்மென்டில் வாடகைக்கு ஆள் இருப்பின் "சொன்னால் போய்விடுவார்கள்" என்று வாங்குபவருக்கு வாக்குக் கொடுத்துவிட வேண்டாம். வாங்குபவர் தாம் குடியிருக்கக் கேட்டால், ஒன்ராறியோவில் விற்பனை ஒப்பந்தமான பின்னரே அறிவித்தல் கொடுக்கலாம். 60 நாள் தவணையும் ஒரு மாத வாடகை நட்டஈடும் கொடுக்க வேண்டும். அவர் எழும்ப மறுத்தால் விசாரணை மாதக்கணக்கில் இழுபடும்.

முகவருடன் செய்யும் ஒப்பந்தத்தையும் வாசித்தே ஒப்பமிடுங்கள். அது முடிவடைந்த பின்னரும், அக்காலத்தில் வீட்டைப் பார்த்தவர் குறிப்பிட்ட நாட்களுக்குள் வாங்கினால் தரகுப்பணம் கொடுக்க வேண்டியிருக்கும். முகவரை மாற்றும்போது பலர் இதில்தான் தடுக்கி விழுகின்றனர்.

விலைப்படாத வீட்டை வெறுமையாக விட்டுச் செல்வோர் காப்புறுதி நிறுவனத்துக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டும். முப்பது நாட்களுக்கு மேல் ஆளில்லாத வீட்டுக்குப் பல காப்புறுதிகள் நட்டஈடு தருவதில்லை. ரொறன்ரோவில் ஓராண்டில் ஆறு மாதம் வெறுமையாகக் கிடந்தால் நகரசபை மதிப்பீட்டில் 3 சதவீத வரியும் வரலாம். எமது வீடு கைமாறும்வரை வெறுமையாக இருந்த அத்தனை நாளும் அப்பா ஏஜாக்ஸிலிருந்து பேருந்தேறிப் போனார். குழாய்களைத் திறந்து பார்த்து, சாமியறையில் விளக்கேற்றி அணைத்து, கதவைப் பூட்டிவிட்டு மாலையில் திரும்புவார்.