கோதுமை நுழையாத தீபாவளிப் பந்தி

தீபாவளி விருந்துக்கும் கோதுமைக்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் கேட்கலாம். காலையில் இட்டிலியும் கறிக்குழம்பும், இரவில் சோறும் சாம்பாரும் வடையும் பாயசமும், இடையே கொறிக்க முறுக்கும் அதிரசமும். அரிசியும் உளுந்தும் வெல்லமும் அரசோச்சும் பந்தி அது. அங்கே கோதுமையைத் தேடிப் பிடிப்பதே அரிது என்றுதான் நம்மில் பலரும் சொல்வோம். அப்படித் தேடிப் பிடிக்க வேண்டிய நிலை எங்கள் வீட்டுக்கு வந்தது. கண்டவற்றையும், அவற்றின் பின்னுள்ள இரசாயனத்தையும் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் இடுக்கி மாவட்டத்துச் சக்குபள்ளம். ஏலக்காடுகளுக்கு நடுவே உள்ளது. தாத்தா கம்பத்திலிருந்து மலையேறி வந்து தங்கிவிட்டவர். உறவு முழுவதும் இன்றும் கம்பம் பள்ளத்தாக்கில்தான். வீட்டில் கடைக்குட்டி என் தங்கை; வயது பதினொன்று. மூன்றாண்டுகளாக அவளுக்கு வயிற்று உப்பல், கழிச்சல், சோகை, வளர்த்தியும் நின்றுவிட்டது. பூச்சி மருந்தும் இரும்புச் சத்து மாத்திரையும் மாறி மாறிக் கொடுத்தார்கள். இரத்தம் ஏறவில்லை. சென்ற ஆண்டு மதுரையில் ஒரு மருத்துவர் இரத்தத்தைச் சோதித்து, பின் சிறுகுடலின் உட்சுவரில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்து, சீலியாக் நோய் என்றார். தீர்க்கும் மருந்து இல்லை. கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களையும் ஆயுள் முழுதும் விலக்க வேண்டும் என்றார்.

இம்மூன்றில் அப்படி என்ன இருக்கிறது? கோதுமை மாவைப் பிசைந்து, அவ்வுருண்டையைத் தண்ணீரில் கசக்கிக் கழுவிக்கொண்டே இருங்கள். மாச்சத்து வெண்மையாகக் கரைந்தோடிவிடும். கையில் இரப்பர் போல் இழுபடும் ஒரு பொருள் எஞ்சும். அதுவே குளூட்டன். கிளையடின், குளூட்டெனின் என்னும் இருவகைப் புரதங்கள் நீர் பட்டதும் பின்னிக்கொள்வதால் உண்டாவது. பரோட்டா மாஸ்டர் வீசி அடிக்கும்போது மாவு கிழியாமல் துணி போல் விரிவது இந்தப் பின்னலின் திறமே. அரிசிக்கு இத்திறம் கிடையாது. ஆகவேதான் இடியாப்ப மாவுக்கு வெந்நீர் ஊற்றி, மாச்சத்தைச் சற்றே வேகவைத்துப் பசை உண்டாக்குகிறோம்.

கிளையடினில் புரோலின் என்னும் அமினோ அமிலம் மிகுதி. புரோலின் இருக்கும் இடங்களில் நம் செரிமான நொதிகளால் வெட்ட இயலுவதில்லை. 33 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு நீண்ட துண்டு அறுபடாமலே குடலில் எஞ்சுவதை 2002இல் கண்டறிந்தனர். இது உங்கள் வயிற்றிலும் என் வயிற்றிலும் நிகழ்வதுதான், பெரும்பாலோர்க்குத் தீங்கில்லை. ஆனால் டி.கியூ.2 அல்லது டி.கியூ.8 என்னும் மரபுக் கூறு உடையோரில் சிலரது உடல் அத்துண்டைப் பகையெனக் கருதிப் போர் தொடுக்கிறது. போர் நடக்கும் களமோ அவர்கள் குடலே. உணவை உறிஞ்சும் குடல் விரல்கள் தேய்ந்து மட்டமாகிவிடுகின்றன. இரும்புச் சத்து உறிஞ்சப்படுவது சிறுகுடலின் முற்பகுதியில். அங்கேதான் சேதமும் மிகுதி. தங்கை விழுங்கிய மாத்திரைகள் எங்கே போயின என்பது இப்போது விளங்கும்.

நோயின் வரலாறு சுவையானது. 1888இல் சாமுவேல் ஜீ என்னும் ஆங்கில மருத்துவர் இதைத் தெளிவாக விவரித்தார். காரணம் அவருக்குப் புலப்படவில்லை. 1924இல் அமெரிக்காவில் சிட்னி ஹாஸ் என்பவர் வாழைப்பழ உணவு கொடுத்துப் பிள்ளைகளைத் தேற்றினார். புகழ் முழுதும் வாழைப்பழத்துக்குப் போயிற்று! உண்மையில் குணப்படுத்தியது பழமன்று, அவர் நிறுத்திவிட்ட ரொட்டிதான். இதை ஐயமறக் காட்டியவர் நெதர்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. போருக்கு முன்பே கோதுமையின் மேல் ஐயம் கொண்டிருந்தவர் அவர். 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காமற்போன போது, ஊரெல்லாம் வாட, இந்நோயுற்ற குழந்தைகள் மட்டும் தேறியது அவர் கருத்துக்கு வலுவூட்டியது. 1950இல் அதையே தம் ஆய்வேடாக எழுதினார்.

"இது வடக்கத்தியார் நோய், நமக்கு வராது" என்பாரும் உண்டு. ஹரியானா, அசாம், வேலூர் ஆகிய இடங்களில் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வின்படி இந்நோய்க்குரிய எதிர்ப்பொருள் இரத்தத்தில் காணப்பட்டோர் வடக்கே நூற்றுக்கு 1.23, வடகிழக்கே 0.87, தெற்கே 0.10. ஆயின் அந்த மரபுக் கூறு மூன்று இடத்திலும் ஏறத்தாழ மூவரில் ஒருவர்க்கு இருந்தது. பெரிதும் வேறுபட்டது உண்ணும் கோதுமையின் அளவே. இன்று எங்கள் மலையில் முக்குக்கு முக்கு பரோட்டாக் கடை. இரவு உணவு பல வீடுகளில் சப்பாத்தி. மேலும் நான் சொல்ல வேண்டியதில்லை.

நிற்க. அடுப்படிக்கு வருவோம்.

முதலில் அகப்பட்ட கள்வன் பெருங்காயம். ஆப்கானிஸ்தானத்திலும் ஈரானிலும் விளையும் ஒரு செடியின் பிசின் அது. காரம் தாங்காதென்று மாவும் கருவேலம் பிசினும் கூட்டி விற்கிறார்கள். அந்த மாவு பெரும்பாலும் கோதுமை அல்லது மைதா. "ஒரு சிட்டிகையில என்னத்தா ஆகிப்போகும்?" என்றார் அப்பத்தா. கணக்குப் போட்டுக் காட்டினேன். மைதாவில் பத்தில் ஒரு பங்கு புரதம். அதில் ஐந்தில் நான்கு பங்கு குளூட்டன். ஆக, ஒரு கிராம் மைதாவில் சுமார் 80 மில்லிகிராம். நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் தொடர்ந்து சென்றாலே குடல் சேதமுறும் என்பது சோதனையில் தெரிந்தது. அதாவது அரைக் கிராமுக்குச் சற்று மேலான மைதா போதும்! சாம்பாருக்கு ஒன்றரைக் கிராம் தூள், அதில் பாதி மாவு என்று கொண்டால் சட்டியில் 60 மில்லிகிராம். ஆறு பேர் உண்டால் ஆளுக்குப் பத்து. சாம்பார் மட்டுமென்றால் போகட்டும். ரசத்திலும் முறுக்கிலும் ஊறுகாயிலும் அதே தூள்தானே? அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கடையில் உண்டு. உறையைப் படித்து வாங்க வேண்டும். நாங்கள் அவ்வாண்டு பெருங்காயத்தையே விட்டுவிட்டுப் பூண்டைக் கூட்டினோம். அப்பத்தாவுக்கு ரசம் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது மாவு மில். அரிசி குற்றமற்றது, ஆனால் முன்னால் நின்றவர் கோதுமை அரைத்திருந்தால் அதன் மிச்சம் நம் மாவில் இறங்கும். தீபாவளிக்கு முன்தினம் வரிசையில் நின்று இயந்திரத்தைக் கழுவச் சொன்னால் மில்காரர் என்ன செய்வார் என்பதை ஊகித்துக்கொள்ளுங்கள். ஆதலால் உரலை மீண்டும் இறக்கினோம். அதிரசத்துக்கு எப்படியும் ஈர அரிசி இடித்த மாவுதான் சுவை: பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் ஈரம் முற்றும் போகாமல் உலர்த்தி, இடித்துச் சலித்து, வெல்லப் பாகில் கலந்து, சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டு இரண்டு மூன்று நாள் வைக்க வேண்டும். ஏலக்காய்க்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை.

கம்பத்துச் சித்தி ஆண்டுதோறும் மைதாவில் சோமாசி செய்து கொண்டுவருவார். அதே பூரணத்தை அரிசி மாவில் பொதிந்து கொழுக்கட்டையாக்கினோம். சேமியாப் பாயசத்துக்குப் பதில் ஜவ்வரிசி. அது மரவள்ளிக் கிழங்கின் மாச்சத்து, பயமில்லை. ஆப்பத்தில் ஒரு நுணுக்கம் உண்டு: எங்கள் பக்கத்தில் சிலர் மாவு புளிக்க ரவையைக் காய்ச்சி ஊற்றுவார்கள். அரிசி நொய்யே அவ்வேலையைச் செய்யும். தங்கைக்கென்று தனியாகச் சமைப்பதில்லை என்று அம்மா முடிவு செய்தார். ஒரே எண்ணெயில் மைதாப் பலகாரமும் முறுக்கும் வேகுமானால் முறுக்கும் கெட்டதே. எனவே எல்லோருக்கும் ஒரே சமையல்.

அண்டை வீட்டுத் தட்டுகள்தாம் பெரிய இக்கட்டு. பண்டிகை நாளில் வந்த பலகாரத்தைக் குழந்தை தொடாவிட்டால் கொடுத்தவர் மனம் நோகாதா? அம்மா முன்னதாகவே வீடு வீடாய்ச் சொல்லி வைத்தார். சிலர் நம்பவில்லை. மேலைவீட்டுச் சேச்சியோ புழுங்கிய மரவள்ளிக் கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும் வாழையிலையில் பொதிந்து தங்கை கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். அதிரசத்தை விட்டுவிட்டு அதைத்தான் அவள் முதலில் தின்றாள்.

எட்டு மாதத்தில் தங்கையின் எடை நான்கு கிலோ கூடியுள்ளது.

இந்நோய் ஒருவர்க்கு இருந்தால் பெற்றோர், உடன்பிறந்தோரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர்க்கு இருக்கக் கூடும் என்பதால் எங்களையும் சோதித்துக்கொள்ளச் சொன்னார் மருத்துவர். எனக்கும் அண்ணனுக்கும் இல்லை என்று தெரிந்துவிட்டது. அம்மாவுக்கும் நெடுநாளாகச் சோகை உண்டு. ஏலக்காய் எடுப்பு முடியட்டும், ஒரு நாள் கூலியை ஏன் விடுவது என்கிறார். கோதுமையை நிறுத்திவிட்டால் இரத்தச் சோதனை உண்மையைக் காட்டாது. ஆகவே, வீட்டிலிருந்து கோதுமையை விரட்டிய அம்மா மட்டும், மதுரைக்குப் போகும் நாள்வரை, முக்குக் கடையிலிருந்து தமக்கென வாங்கிய சப்பாத்தியைத் திண்ணையில் அமர்ந்து தின்றுவருகிறார்.