வெயில் ஊரிலும் வைட்டமின் டி குறைவு: சர்க்கரை உள்ள குழந்தைகளுக்கு ஊசியை நிறுத்தாதீங்க

சங்ககிரி:
சங்ககிரியில் வெயிலுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் பள்ளி, டியூஷன் என்று பிள்ளைகள் நிழலிலேயே கிடந்தால் வைட்டமின் டி எங்கிருந்து வரும்? மத்திய அரசு 2016-18ல் நாடு முழுவதும் எடுத்த ஊட்டச்சத்து ஆய்வில், 10 முதல் 19 வயதுள்ளவர்களில் 24 சதவீதம் பேருக்கு இந்தச் சத்து குறைவு.

டைப்-1 சர்க்கரை நோய் உள்ள குழந்தைகளுக்கு மற்ற பிள்ளைகளை விட இது குறைவாக இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. எலும்பு பலத்துக்காக டாக்டர்கள் சத்து மருந்து எழுதித் தருவார்கள்.

ஆனால் 'மருந்து சாப்பிட்டா ஊசி வேண்டாம்'னு யாராவது சொன்னால் நம்பிடாதீங்க. இந்தப் பிள்ளைகளின் கணையத்தில் இன்சுலின் சுரப்பது அநேகமாக நின்றே போயிருக்கும். ஊசியை விட்டால் ஓரிரு நாளிலேயே வாந்தி, மூச்சிரைப்பு, மயக்கம் என்று உயிருக்கே ஆபத்தாகிவிடும். அரசு ஆஸ்பத்திரிகளில் இன்சுலின் இலவசம்.